வாளி முட்டுக்கொடுத்த கதவு

அம்மா போன பிறகு வீடு அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவானது. ஆனால் அதில் இருந்தது அக்கா மட்டும்தான். கல்யாணம் ஆகாமல், தையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, கடைசிவரை அம்மாவைக் கவனித்துக்கொண்டவள் அவள். தம்பிக்கு வேறு ஊரில் வேலை. எப்போதாவது மனைவியோடு வந்து, இரண்டு நாள் தங்கி, "வீடு இப்படிப் பாழாக் கிடக்கே" என்று அலுத்துக்கொண்டு போவான்.

இந்தத் தடவை லீவு போட்டுவிட்டுத் தனியாக வந்தான். கைப்பேசியில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, ஆள் வைக்காமல் தானே வீட்டைச் சீர்செய்துவிடலாம் என்று துணிச்சல் வந்திருந்தது. டிரில், கரணை, ரசமட்டம், ரோலர் எல்லாம் புதுசு. கூடத்தில் அவன் பரப்பி வைத்ததைப் பார்த்து அக்கா சிரித்தாள்.

"என்னடா, கடையையே தூக்கிட்டு வந்துட்டே?"

"நீ பாத்துக்கிட்டே இரு. வீட்டை அடையாளம் தெரியாம ஆக்கிடறேன்."

"ஆக்கு, ஆக்கு. அப்படியே அந்த பாத்ரூம் கதவையும் கொஞ்சம் பாரேன்."

"அதெல்லாம் கடைசியில. முதல்ல வாசல்பக்கம்."



முன்பக்கம் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்த புதரை வெட்டினான். கையெல்லாம் கொப்புளம். முன்சுவரில் உதிர்ந்த பூச்சைச் சுரண்டிவிட்டு, ஈரம் காயும்வரை பொறுக்காமல் சந்தன நிறம் அடித்தான். படம் எடுத்து உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். "மேஸ்திரியே தோத்தான் போ!" என்று சித்தப்பா எழுதினார். அன்று முழுக்க அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை, பின்சுவரின் விரிசலை அடைக்கச் சிமெண்டு மூட்டையைப் பிரித்தபோது தூள் கண்ணில் விழுந்தது. எரிச்சல் தாங்காமல், கண்ணை மூடிக்கொண்டே ஓடிப்போய் பாத்ரூம் கதவைத் தள்ளினான். உள்ளே முட்டுக்கொடுத்திருந்த வாளி உருண்டது. "டேய்!" என்று அக்கா அலறினாள். அவன் பதறிப் பின்வாங்கி, சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான்.

சற்று நேரத்தில் ஈரத் தலையோடு அவள் வந்தாள். கையில் ஒரு குவளைத் தண்ணீர்.

"தேய்க்காதே. கண்ணைத் திற. திறடா."

ஊற்றி ஊற்றிக் கழுவினாள். எரிச்சல் அடங்கியதும் அவன் கேட்டான்.

"உள்ள தாழ்ப்பாள் போடக் கூடாதாக்கா?"

"இருந்தாத்தானே போடறதுக்கு."

"எப்பலேர்ந்து இல்ல?"

"அம்மா உள்ள வழுக்கி விழுந்தாங்கல்ல, அன்னிக்கு உடைச்சுத்தானே திறந்தோம்."

அம்மா விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு எத்தனை தடவை வந்து, அதே இடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்திருக்கிறான்! ஆண்பிள்ளை, கதவு சாத்தியிருக்கிறதா என்றுகூடப் பார்த்ததில்லை. அக்கா குளிக்கும்போதெல்லாம் உள்ளிருந்து இருமல் கேட்கும். போன தடவை அவனே போய் இருமல் மருந்து வாங்கி வந்து, "உடம்பைக் கவனிச்சுக்கவே மாட்டேங்கிறே" என்று திட்டியும் வைத்தான்.

"அப்ப அந்த இருமல்...?"

"யாராவது வர்ற சத்தம் கேட்டா இருமுவேன். வேற என்ன பண்றது?" அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "மருந்து நல்லாத்தான் இருந்துச்சு. இனிப்பா."

'சொல்லியிருக்கலாமே' என்று வாயெடுத்தவன் அப்படியே விழுங்கிக்கொண்டான். வந்த அன்றே சொன்னாள். முன்பும் சொல்லியிருப்பாள். காதில் வாங்கிய நினைவுதான் இல்லை.

அப்போதே ஓடிப்போய்த் தாழ்ப்பாள் வாங்கி வந்தான். பதற்றத்தில் அதைக் கதவின் வெளிப்பக்கம் முடுக்கிவிட்டான்.

"என்னடா, என்னை உள்ள வச்சுப் பூட்டப் போறியா?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கழற்றி உள்பக்கம் போட்டால், தண்ணீரில் ஊறிப்போன நிலைச்சட்டத்தில் ஸ்க்ரூ நிற்கவில்லை. துளை பெரிதாகி மரம் பிளந்தது. வீடியோவில் இதெல்லாம் காட்டவில்லை. கடைசியில் பிளவின் மேல் ஒரு பலகைத் துண்டை ஆணியடித்து, அதில் பொருத்தினான். கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் தாழ் விழுந்தது.

"போதும்டா, இதுவே போதும்" என்றாள் அக்கா. அந்தப் 'போதும்' அவனைச் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். சித்தப்பா வாசலிலேயே நின்று சுவரைத் தட்டிக்கொடுத்தார். ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட் அதற்குள் அங்கங்கே உப்பியிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை.

"ஒத்தை ஆளா நின்னு வீட்டையே மாத்திட்டானே! தம்பின்னா இப்படி இருக்கணும்."

"ஆமா சித்தப்பா" என்றாள் அக்கா. குரலில் குத்தல் துளியும் இல்லை.

இல்லை என்று சொல்ல நினைத்தான். அதற்குள் சித்தி முகம் கழுவிக்கொண்டு பின்பக்கமிருந்து வந்தாள்.

"அப்பாடா, ஒருவழியா தாழ்ப்பாள் போட்டாச்சு! ஒவ்வொரு தடவையும் உன் பொண்டாட்டிக்கு நான் காவல், எனக்கு அவ காவல்னு நின்னு அலுத்துப்போச்சுப்பா. ஏன், அவ உன்கிட்ட சொல்லலையா?"

சொல்லியிருந்தாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில். "ரெண்டு நாள் சமாளிக்க முடியாதா உனக்கு?" என்று அவன் எரிந்து விழுந்ததும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொன்னா, சித்தி" என்றான்.

டீ போடுகிற சாக்கில் அக்கா எழுந்து உள்ளே போனாள், அவன் முகத்தைப் பார்க்க வேண்டாமென்று.