வெள்ளையாய்த் தெரிந்த வட்டை

கண்ணகை வாவியைக் கடந்து நிவாரண அலுவலகத்துக்கு வந்து சேரப் பத்து மணியாகிவிட்டது. சோதனைச்சாவடியில் மட்டும் இரண்டு மணித்தியாலம் போயிற்று. நிவாரணப் படகு போகும் ஊர்களின் பட்டியலில் தன் ஊரான நாவற்கேணி இல்லை என்று கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தாள். வெள்ளம் ஏறி ஊர்ச்சனம் மூன்று நாளாகப் பள்ளிக்கூடத்து மேசைகளின்மேல் இருந்தது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அங்கேதான்.

நாவற்கேணி இருக்கும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் சண்டை; அங்கே போய்ப் பார்க்க அலுவலர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் வானில் சுற்றும் செய்மதியின் ராடாரில் எடுத்த படத்தை வைத்துத்தான் பட்டியல் போட்டார்கள். மழைமுகில் மூடிக் கிடந்தாலும் ராடாருக்குத் தரை தெரியும்.

"கறுப்புத்தான் தண்ணி, அக்கா," என்றாள் படம் பார்க்கும் றஸீனா. "உங்கட ஊர் வெள்ளையாக் கிடக்கு."

"அப்ப நான் வெள்ளையிலயா நீந்தி வந்தன்?" கண்ணகை நெஞ்சுவரை சேறு படிந்த சட்டையைக் காட்டினாள். "உங்கட செய்மதிக்குக் கண்ணில பூ விழுந்திட்டுது புள்ள."

பொறுப்பாளர் வினாயகமூர்த்தி சிரிக்கவில்லை. "எல்லா ஊராரும் இப்பிடித்தான் சொல்றாங்க. இருக்கிறது ஒரு படகு."

றஸீனா படத்தின்மேல் குனிந்தாள். "வயல் வட்டையில நெல்லு நிக்கிதா அக்கா?"

"கதிர் வர முந்தின குடலைப் பருவம். தண்ணிக்கு மேல சாணளவு நிக்கிது."

"அதான் சேர்! வெறுந்தண்ணியில பட்ட ராடார் அலை அங்கால தெறிச்சிரும், கறுப்பாத் தெரியும். தண்ணிக்குள்ள பயிர் நிண்டா ரெண்டிலயும் பட்டுத் திரும்பி வந்திரும், வெள்ளையாத் தெரியும். மழைக்கு முந்தின படத்தில இந்த வட்டை மங்கல். இப்ப பாருங்க, பளீரெண்டு கிடக்கு."

வினாயகமூர்த்தி பேனாவை எடுத்தார். றஸீனாவின் விரல் படத்தில் இன்னும் நகர்ந்தது. "அப்பிடிப் பாத்தா ஆலங்கண்டமும் பனிச்சையடியும் இதே வெள்ளைதான்."

பேனா நின்றது. "அங்கயிருந்து ஒருத்தரும் வரல்லயே. ஆர் கண்டது?"

கண்ணகை கண்டிருந்தாள். வரும் வழியில் ஆலங்கண்டத்துக் கூரைகளில் நின்று ஆட்கள் கைகாட்டினார்கள். பனிச்சையடியில் கோயில் மதில் தெரியவில்லை. தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் படகு முழுவதும் நாவற்கேணிக்குத்தான். வாய் அந்தச் சொல்லுக்குத் திறந்தும் விட்டது.

"நான் கண்டன் சேர். ரெண்டும் தண்ணிக்குள்ளதான்."

"சாமான் மூண்டாப் பிரியும், விளங்குதா?"

"விளங்குது. முதல்ல ஆலங்கண்டத்துக்குப் போங்க, கூரையில நிக்குதுகள். எங்களுக்கு மேசையாவது கிடக்கு."

பொழுது சாயும் நேரத்தில் படகு நாவற்கேணிப் பள்ளிக்கூட வாசலில் முட்டியது. படகில் எஞ்சிக் கிடந்தவை ஏழு மூட்டை.

"பட்டணம் வரைக்கும் போய் இவ்வளவும்தானா கா?" என்று சீதேவிப்பிள்ளை மேசையில் இருந்தபடியே ஏசினாள். கண்ணகை முதல் மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.