கேசட்டில் இருக்கிறபடியே

முப்பது வருஷம் கழித்து நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் நின்றபோது முதலில் பேசியது இசையைப் பற்றி அல்ல, முதுகுவலியைப் பற்றி. டிரம்ஸ் வாசிப்பவன் இடுப்பில் அகலமாக ஒரு பெல்ட் கட்டிக்கொண்டு வந்திருந்தான். இப்போது அவன் பல் டாக்டர். நாள் முழுக்கக் குனிந்து ஊரார் வாய்க்குள் பார்க்கிற பிழைப்பு. கிடார் வாசித்த நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பாடகன் சங்கு ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான். கூட்டத்தையே அலற வைத்த தொண்டை, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்பதற்குமேல் வேலை இல்லாமல் கிடந்தது.

சங்கு என்பது நாங்கள் வைத்த பெயர். பேஸ் கிடார் வாசித்தபடியே பாடுவான். எங்கள் முதல் பாட்டின் கடைசியில் ஒரு உச்சத்தைப் பிடித்து எட்டு எண்ணுகிறவரை விடாமல் நிறுத்துவான். கேசட் வந்த புதிதில் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு நாடாவையே தேய்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கேசட்டின் மூலப்பதிவு பூசணம் பிடித்துப் போய்விட்டது. பழைய மெட்டல் ராக் பாட்டுகளைத் தேடிப் பிடித்து வெளியிடும் சின்னக் கம்பெனி ஒன்று, நாலு பாட்டையும் புதிதாகப் பாடித் தரச் சொன்னது. கேசட்டில் இருக்கிறபடியே இருக்கணும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஒலிப்பதிவுக்கூடம் ஒரு அச்சகத்தின் மாடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் ஓடாது என்பதால் அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு. சுவரெல்லாம் பழுப்புப் பஞ்சு, படியெல்லாம் மை வாசனை. அந்தக் காலத்தில் பல் டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டில், சத்தம் வெளியே போகாமலிருக்க முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டி, கதவைச் சாத்திக்கொண்டு வேர்க்க வேர்க்க வாசித்தோம். எனக்கு இன்றைக்கும் அந்த ஷெட்தான் சொர்க்கம். முட்டை நாற்றத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டு கிடாருக்கும் வழக்கம்போல நான்தான் சுருதி சேர்த்தேன். சங்குவுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. நான் கொடுத்தால் மாட்டிக்கொள்வான், அவ்வளவுதான். பல் டாக்டர் குச்சியைத் தட்டி ஆரம்பித்துவைக்க, ஐம்பது வயசுக் கிழங்கள் மூன்றும் இருபது வயசு வேகத்தில் பாய்ந்தோம். பாதிப் பாட்டு வரை எனக்குப் புல்லரித்தது. உச்சம் வந்தது. சங்குவின் குரல் ஏறி, தடுமாறி, உடைந்தது.

இன்னொரு முறை. அப்புறம் இன்னொரு முறை. ஐந்தாவது முறை அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

பதிவு செய்கிற பொண்ணு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பழைய கேசட்டே கொஞ்சம் வேகமா ஓடுற மாதிரி இருக்கே சார் என்று சந்தேகமாகக் கேட்டாள். பழைய நாடா அப்படித்தான் இருக்கும்மா என்று நான் அவசரமாகச் சமாளித்தேன். அவசரத்திலேயே என் குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை.

சங்கு பேஸைக் கழற்றித் தாங்கியில் வைத்தான். வேறு யாரையாவது வைத்துப் பாடிக்கொள்ளச் சொன்னான். கோபமே இல்லை. எலும்பில் பிளவு இருக்கா இல்லையா என்று படத்தைப் பார்த்துச் சொல்கிற ஆளின் குரல் அது. "அப்பவே போன தொண்டைடா. ஏதோ ஆசையில வந்துட்டேன்."

அப்பவே போன தொண்டை. கேசட் வந்த பிறகு நடந்த நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றிலும் அதே இடத்தில்தான் அவன் குரல் உடைந்தது. கூட்டம் ஊளையிட்டது. அவன் டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்தான், வெந்நீரைக் குடம் குடமாகக் குடித்தான், மாதக்கணக்கில் பேசாமல்கூட இருந்து பார்த்தான். ஒருநாள் பாட்டின் நடுவே பேஸை இறக்கி வைத்துவிட்டு மேடையிலிருந்து நடந்து போனான். எங்கள் குழு அன்றோடு முடிந்தது.

அவன் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அறிந்த ஒரே ஆள் நான். முப்பது வருஷமாக வாயைத் திறக்காத ஆளும் நான்தான்.

அவன் வாசலை நெருங்கிவிட்டான். இப்போதும் சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை.

"சங்கு, நில்லு. அந்த உச்சத்தை நீ பாடவே இல்லடா," என்றேன்.

சொல்லி முடிக்கிறவரை அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஷெட்டில் பதிவு செய்த இயந்திரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருந்தது. பக்கத்துத் தெருக் குழு எங்களைவிட வேகமாக வாசிக்கிறது என்று எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். கடைசிப் பிரதி எடுக்கும்போது யாருக்கும் தெரியாமல் குமிழைத் திருப்பினேன். வேகம் கூடியது. கூடவே சுருதியும் ஏறி, அவன் குரல் மனுஷனால் எட்ட முடியாத இடத்துக்குப் போனது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அதோடு விட்டேனா? மேடையிலும் கேசட் போலவே கேட்க வேண்டும் என்று இரண்டு கிடாரையும் அந்த உயரத்துக்கு முறுக்கினேன். தந்தி தந்தியாக அறுந்தது. சங்குவின் குரலும் அறுந்தது. இன்று காலையிலும் அதே உயரத்துக்குத்தான் சுருதி சேர்த்திருந்தேன்.

முதலில் வீம்பால் சொல்லவில்லை, பிறகு பயத்தால். அப்புறம் சொல்லாமலிருப்பதே பழகிவிட்டது.

பல் டாக்டர் என்னைத் திட்டிய வார்த்தைகளை எழுத முடியாது. சங்கு கண்ணாடி அறைக்குள் போய், கேசட்டைச் சரியான வேகத்தில் போட முடியுமா என்று அந்தப் பொண்ணிடம் கேட்டான். அவள் கணினியில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள்.

பாட்டு கனத்து, நிதானமாக வந்தது. பிரதி எடுத்த அன்றைக்குப் பிறகு நானும் கேட்டிராத பாட்டு. உச்சம் வந்தது. சங்குவின் சொந்தக் குரல், அலட்டிக்கொள்ளாமல் எட்டு எண்ணுகிறவரை நின்றது. என் அவசரத்தில் எவ்வளவு நல்லதைக் கெடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

சங்கு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "இந்தப் பையனுக்கு ஒண்ணுமே ஆகலையேடா," என்றான்.

நான் அழுதேன். மன்னிப்பும் கேட்டேன். அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எழுந்து வந்து, என் தோளில் தொங்கிய கிடாரின் முறுக்காணிகளை அவனே ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். பிறகு தன்னுடையதையும். அப்புறம் மனைவிக்கு போன் போட்டு உடனே ஆட்டோ பிடித்து வரச் சொன்னான். மேடையிலிருந்து இறங்கி ரெண்டு வருஷம் கழித்துத்தான் அவனுக்குக் கல்யாணம் ஆனது. அவள் அவன் பாடிக் கேட்டதே இல்லை.

அவள் பாதி சமையலை விட்டுவிட்டு வந்திருந்தாள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வந்தவளைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்தோம். நாங்கள் ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டாள். நடுவில் எப்போதோ கையை எடுத்துவிட்டாள். உச்சத்தை அவன் ஒரே மூச்சில் பிடித்தான். எட்டு எண்ணி முடித்தும் விடவில்லை.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது. "இவ்வளவு பாட்டை வச்சுக்கிட்டு, இத்தனை வருஷத்துல பிள்ளைங்களைத் தூங்க வைக்கக்கூட ஒரு வரி பாடலையே. ஏங்க?"

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சங்கு என்னைப் பார்க்காமலே கையை நீட்டித் தடுத்தான்.

"தொண்டை சரியில்லாம இருந்துச்சும்மா," என்றான்.