மிளகாய் நெடி

மாடிப்படி வாசலில் மனோலிஸ் மறுபடியும் நெற்றியை இடித்துக்கொண்ட அன்று அம்மா தீர்மானித்துவிட்டாள். "கண்ணுதாண்டி மெர்லின். ராயபுரத்துல கீற மொத்தக் கண்ணும் இந்தப் புள்ள மேலதான் வுழுந்து கீது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆறடி எட்டு அங்குலத்துக்கு ஒரு கிரேக்கப் பையன் மீன் மார்க்கெட்டுக்குள் நடந்து போனால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? இருபது வயது. சொந்த ஊரில் பெரிய பாஸ்கெட்பால் அணி ஒன்றில் வருஷம் முழுக்க பெஞ்சைத் தேய்த்துவிட்டு, 'வா, ஆடு' என்று முதன்முதலாகக் கூப்பிட்ட இடம் என்பதால் சென்னைக்கு வந்துவிட்டான். பயிற்சி மைதானம் பக்கம் என்று கிளப் எங்கள் மாடியை அவனுக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தது. முதல் ஆட்டத்தில் பிய்த்து உதறினான். தெருவே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அதற்கப்புறம் போட்ட ஃப்ரீ த்ரோ எல்லாம் வளையத்தில் பட்டு வெளியே போனது. யாரும் மறிக்காமல், சும்மா நின்று போடுகிற பந்து அது. சனிக்கிழமையும் சொதப்பினால் ஊருக்கு டிக்கெட்தான் என்று கோச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா வைத்த வஞ்சிரக் குழம்பைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தான். எனக்கே பாவமாக இருந்தது.

அம்மா அவனை மோடாவில் உட்கார வைத்தாள். உட்கார்ந்தும் அவள் தோள் வரைக்கும் இருந்தான். உப்பும் காய்ந்த மிளகாயும் மூடிய கையால் அவனைச் சுற்றிவிட்டு, கையை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"துப்பச் சொல்லுடி. தப்பா நெனச்சிக்கப் போறான்."

நான் ஆங்கிலத்தில் வார்த்தை தேடுவதற்குள் அவனே தூ, தூ, தூ என்று துப்பிவிட்டான். யாராவது பிள்ளையைப் புகழ்ந்தால் அவன் அம்மாவும் இப்படித்தான் மூன்று முறை துப்புவாளாம். அதைக் கேட்டதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மிளகாயைத் தணலில் போட்டாள். திருஷ்டி இருந்தால் நெடி வராது, இல்லாவிட்டால்தான் கமறும் என்று அவனுக்கு விளக்கினேன். எல்லோரும் மூச்சை இழுத்துப் பார்த்தோம்.

வீடே இருமியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் அப்பா கஸ்பார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். எதிர்வீட்டு மலிகா ஆன்ட்டி திட்டிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார்.

"கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. கைதான் பேஜாரு நைனா," இருமலுக்கு நடுவே அப்பா சிரித்தார். "பந்த எட்துகினு கெளம்பு."

நான் அதை மொழிபெயர்த்தேன். மனோலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான். பழி போட ஊர்க்கண்ணும் இல்லை என்றானதும் அவனுக்கு நிம்மதியாகிவிட்டது போல. அன்று சாயங்காலத்திலிருந்து சர்ச் மைதானத்து வளையத்தில் அவன் எறிந்துகொண்டே இருந்தான். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்து பொறுக்கிப் போட்டார்.

சனிக்கிழமை, ஆட்டத்தின் கடைசி நிமிஷம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதல் பந்து வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் போக்குக் காட்டிவிட்டு உள்ளே விழுந்தது. அம்மா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். புள்ளி சமமாகிவிட்டது, இன்னொன்று விழுந்தால் வெற்றி.

இரண்டாவது பந்தை வாங்கியவன் எங்கள் பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு பலமாக இருமினான். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"பாருடி இவன் கொழுப்ப!"

எங்கள் தெருக்காரர்கள் மொத்தமும் பதிலுக்கு இருமினார்கள். முன்வரிசையில் ஒருவர் பயந்துபோய் கர்சீப்பை எடுத்தார். மனோலிஸ் சிரிப்பை அடக்காமலேயே முட்டியை மடக்கினான். பந்து மேலே எழும்பியது.