மேலே இருக்கும் கட்டுரை

காபி ஆறுவதற்குள் பவன் என் கிண்டிலைக் கையில் எடுத்துவிட்டான். என் மனைவி ஷ்ரவ்யாவின் தம்பி; அக்கா வீட்டுக்காரன் என்பதால் நான் அவனுக்குப் பாவா. அக்கா இறந்த மறுவாரத்திலிருந்து எனக்குக் கட்டுரை அனுப்புகிறான். போனில் ஏதாவது தலைப்பு கண்ணில் பட்டால் போதும், அப்படியே என் கிண்டிலுக்குத் தட்டிவிடுவான். ஆறுதல் சொல்ல இதைவிடச் சோம்பேறித்தனமான வழி இல்லை. இன்று நேரில் வந்ததே, படித்தேனா என்று சரிபார்க்கத்தான்.

"ஒண்ணுகூடவா படிக்கல பாவா? நல்ல நல்ல ஆர்ட்டிகிளுங்க."

"நீ படிச்சியா?"

"எனக்கெங்கங்க நேரம்."

ஷ்ரவ்யாவும் அனுப்புவாள். அவளுக்கு அது ஆயுதம். எங்களுக்குள் வாக்குவாதம் வந்தால், அவள் சொன்னதே சரி என்று நிரூபிக்கும் கட்டுரை மாலைக்குள் என் கிண்டிலில் இருக்கும். கடைசியாக வந்தது, வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்பது. டெங்குவோடு அவளை மருத்துவமனையில் சேர்த்த அன்று, சார்ஜ் நிற்கட்டும் என்று ஏரோப்பிளேன் மோடில் வைத்து வைஃபையை அணைத்தேன். பிறகு போடவில்லை. போட்டால் பவனின் குப்பையெல்லாம் வந்து மேலே உட்காரும், வாழைப்பழம் கீழே போய்விடும். அதை நான் திறந்ததுகூட இல்லை. மேலே இருந்தால் போதும்.

"ஏனுங்க பாவா, ஏரோப்பிளேன் மோடுல வெச்சிருந்தா எப்படிங்க வரும்?"

"விடு பவன். குடு இங்க."

"இருங்க, ஆன் பண்ணிப்போட்டேனுங்க. அனுப்புனதெல்லாம் லைன்ல காத்துட்டிருக்குமுங்க."

பிடுங்கினேன். அதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டன. துயரத்தை வெல்ல ஏழு படிகள். அதிகாலையில் எழுவதன் நன்மைகள். கணவனை இழந்த பெண்களுக்கான சுயதொழில்கள்.

"இது எனக்கா?"

எட்டிப் பார்த்தான். "அட! போன்ல டைட்டில் பூராத் தெரியலீங்க."

வாழைப்பழம் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. வெளியே போ என்று சொல்ல வாயெடுத்தேன். இன்னொன்று வந்தது.

செவ்விளநீர், பச்சை இளநீர்: எதில் சத்து அதிகம்?

பொள்ளாச்சி போகும்போதெல்லாம் காரை நிறுத்தச் சொல்லி, செவ்விளநீர்தான் வேண்டும் என்பாள். அதில்தான் சத்தாம். வெறும் நிறம் என்பேன் நான். இந்தச் சண்டை பவனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. மருத்துவமனையில் நான் வாங்கி வந்த பச்சை இளநீரைப் பாதி குடித்து வைத்துவிட்டு, ட்ரிப்ஸ் ஏறும் கையால் போனை முகத்துக்கு நேரே பிடித்து எதையோ தட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

திறந்தேன். முதல் பத்தியிலேயே இருந்தது. சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு எதுவும் இல்லை.

"நல்லதா ஏதாச்சும் வந்திருக்குதுங்களா பாவா?"

பட்டியலுக்குத் திரும்பி, விமானக் குறியைத் தொட்டேன். திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது. செவ்விளநீர் மேலே நின்றது.