வனத்துறையிலிருந்து ஒரு போன்

ஒரு வருடத்தில் நாடு மொத்தமாக எவ்வளவு கரியமிலவாயுவை வெளியே விடுகிறது என்று கணக்குப் போடுவது என் வேலை. பேருக்குத்தான் பிரிவு, ஆள் நான் ஒருத்திதான். முன்பு நான்கு பேர் இருந்தோம். மற்ற மூவரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட, அவர்களுடைய நாற்காலிகளில் கோப்புகளை உட்கார வைத்திருக்கிறேன். எதிர்த்துப் பேசாத சகாக்கள்.

அந்த வாரம் மாடியே வெறிச்சோடிக் கிடந்தது. எல்லோரும் பருவநிலை மாநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டார்கள். வெளிநாட்டு விமானப் பயணத்தின் புகை எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேராது என்பது விதி. கொடுத்துவைத்தவர்கள்.

எங்கள் இயக்குநருக்கு நாங்கள் நால்வரும் வைத்த பெயர் ‘மைக்’. இப்போது அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கக்கூட ஆள் இல்லை. அன்று நான்கு மணிக்கு அவர் மாநாட்டு மேடையில் பேச வேண்டும். புகையைக் குறைப்பதாகப் பருவநிலை ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்கை ஐந்து வருடம் முன்கூட்டியே நிறைவேற்றிவிட்டோம், அதனால் மூடுவதாகச் சொன்ன இரண்டு பழைய நிலக்கரி மின்நிலையங்களையும் இன்னும் பத்து வருடம் ஓட்டப்போகிறோம் என்பதுதான் பேச்சின் சாரம். அத்தனைக்கும் ஆதாரம் நான் போட்ட கணக்கு.

காலையில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. எங்கள் அறிக்கையைச் சரிபார்க்கும் வெளிநாட்டு நிபுணர் மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்: உங்கள் காடுகள் ஒரே வருடத்தில் மூன்றரை மடங்குக்கும் மேல் கரியமிலவாயுவை உறிஞ்சத் தொடங்கியது எப்படி?

மரம் நடும் திட்டத்தின் வெற்றி என்று அமைச்சர் எல்லா இடத்திலும் பேசியாயிற்று. நானும் நம்பியிருந்தேன். இருந்தாலும் வனத்துறை அனுப்பிய அட்டவணையைத் திறந்து தலைப்பைப் படித்தேன்.

பதினோரு வருடமாக வனத்துறை தந்தது வெறும் கார்பன் எடை. அதைக் கரியமிலவாயுவாக மாற்ற 3.67-ஆல் பெருக்க வேண்டும். இந்த முறை அவர்களே பெருக்கி அனுப்பியிருந்தார்கள். தலைப்பிலும் அப்படியே போட்டிருந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் இன்னொரு முறை பெருக்கித் தொலைத்திருக்கிறேன். காடு உறிஞ்சும் அளவை நாட்டின் மொத்தத்திலிருந்து கழிப்போம்; வாக்கு நிறைவேறியதாகத் தெரிந்ததே அதனால்தான்.

என் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. தலைப்பைப் படிக்கும் வழக்கமே எனக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் ஒரு மனிதர். வனத்துறையின் புள்ளிவிவர அதிகாரி. வருடத்துக்கு ஒருமுறை அட்டவணையை அனுப்பிவிட்டு, மறுநாள் தவறாமல் போன் செய்வார். “கார்பனாத்தான் குடுத்திருக்கேன், மறக்காம மாத்திக்கோங்க.” அதற்குப் பிறகு முழங்கால் வலி, மழை, அவர் வீட்டு மாடியில் கூடு கட்டிய புறா என்று அரைமணி நேரம் ஓடும். நேரில் பார்த்ததே இல்லை. இந்த வருடம் போன் வரவில்லை. வேலை மும்முரம் போல என்று நினைத்துக்கொண்டு, அவர் சொல்லாமலே மாற்றிவிட்டேன்.

மைக்கைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

“இப்பப் போய் ஏம்மா இதைக் கிளப்புறீங்க? அடுத்த வருஷ அறிக்கையில சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்.”

“அதுக்குள்ள மின்நிலையம் பத்து வருஷம் ஓடும்னு சொல்லிடுவீங்களே சார். சொன்னா சொன்னதுதானே.”

ஓய்வுக்கு எனக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று விசாரித்தார். இரண்டு என்றேன். அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அறிவுரை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அறிக்கையைப் பதிவேற்றும் கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. வேறு யாரும் அதை வாங்கிக்கொள்ள முன்வந்ததில்லை. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பிப் பார்த்தேன். கோப்புகள்தான் உட்கார்ந்திருந்தன. மதியம் ஒன்றரைக்குத் திருத்திய அட்டவணையை ஏற்றினேன். காரணம் என்ற இடத்தில், அலகில் பிழை, தவறு என்னுடையது என்று எழுதினேன். நிபுணருக்கும் அதையே பதிலாக அனுப்பி, மைக்குக்கு ஒரு நகல் வைத்தேன்.

நான்கு மணிக்குக் கணினியில் நேரலை பார்த்தேன். மைக் ஆறே நிமிடத்தில் பேசி முடித்தார். வாழ்நாளில் அவர் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுவாகத்தான் இருக்கும். மரங்களைப் பற்றி உருகினார். நிறைவேற்றிய வாக்கு பற்றியோ மின்நிலையங்களைப் பற்றியோ மூச்சு விடவில்லை. இறங்கியதும் எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்: ‘திங்கட்கிழமை முதல் வேலையாக என்னை வந்து பார்க்கவும்.’

பயமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவும் ஆள் வேண்டுமே. வனத்துறை எண்ணை அழுத்தினேன். இப்படிப் பேச எனக்கு இருந்தது அந்த ஒரு எண்தான். ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. அவர் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறதாம். மகனோடு எங்கேயோ போய்விட்டாராம். அவருடைய எண் அங்கே யாரிடமும் இல்லையாம். இந்த வருட அட்டவணையைத் தான்தான் அனுப்பியதாகச் சொன்னவள், ஏதாவது தப்பா என்று பதறினாள். உன் மேல் தப்பே இல்லை என்றேன்.

“அடுத்த வருஷம் அட்டவணை அனுப்பினதும் இந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணிடும்மா.”

“மெயில்லயே எல்லாம் தெளிவா இருக்குமே மேடம்?”

“இருக்கும். இருந்தாலும் பண்ணு.”

பேசி முடித்த பிறகும், அவள் வைக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.