முக்கால் டன்

எங்கள் பல் ஆஸ்பத்திரியில் டிவி சுவரில் இல்லை, கூரையில் இருக்கிறது. நாற்காலியில் மல்லாந்து படுப்பவர்களுக்கு வலி மறக்கட்டும் என்று டாக்டர் செய்த ஏற்பாடு. வாயைப் பிளந்துகொண்டு டிவி பார்ப்பது என்றால் என்ன என்று நான் தினமும் நேரில் பார்க்கிறேன். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. மேலே நிமிர்ந்து பார்க்க முடியாது. காதால் கேட்பதோடு சரி.

கொஞ்ச நாளாக அந்தப் போதைக் கும்பல் தொடர்தான் ஓடுகிறது. எங்கள் ஊரை ஆட்டிப்படைத்த கும்பலின் உண்மைக் கதையாம். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அப்படித்தான் எழுத்துப் போடுகிறார்களாம். உண்மைக் கும்பல் மீன் உறையவைக்கும் குளிர்கிடங்குகளை வளைத்துப்போட்டு, மீன் பெட்டிக்கு அடியில் சரக்கை வைத்து அனுப்பியது. கிட்டே போனால் மீன் நாற்றம் குடலைப் பிடுங்கும். தொடரில் அவர்களே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நீச்சல்குளத்தின் ஓரமாக மெதுவாக நடக்கிறார்களாம். தலைவரை ஊரில் ‘பெரியவர்’ என்பார்கள். திரையில் அவர் பேச ஆரம்பித்தாலே பின்னணியில் வயலின் அழுகிறது. நிஜப் பெரியவர் ஒருதடவை இங்கே கடைவாய்ப்பல் பிடுங்க வந்து, ஊசியைப் பார்த்ததும் டாக்டரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அதைப் படம் பிடிக்க எவனுக்கு மனசு வரும்?

அன்றைக்கு நாற்காலியில் ஒரு வக்கீல் படுத்திருந்தார். டாக்டர் குடைந்துகொண்டிருந்தார். மேலே யாரையோ கட்டிவைத்து மிரட்டும் சத்தம். பிறகு ஓர் ஆண் குரல் கெஞ்சியது.

“வீட்டுல முக்கால் டன் இருக்கு. விடுங்க, நான் போகணும்.”

குழாய் நழுவி வக்கீலின் நாக்கைக் கவ்விக்கொண்டது. அவர் போட்ட சத்தத்தில் டாக்டர் துள்ளிவிட்டார். நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நிமிர்ந்து அந்தத் திரையைப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு நடிகர் குளிர்கிடங்கின் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் வாயிலிருந்து வந்தது என் வீட்டுக்காரரின் பேச்சு. அந்த ‘இருக்கு’வின் கடைசி எழுத்து மட்டும் எங்கேயோ இடித்தது.

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். அந்தத் தொழிலில் எல்லாவற்றையும் டன்னில்தான் பேசுவார்கள். ஒரு டன், ஒன்றரை டன் என்பார்கள். அது எடை இல்லை, ஒரு மெஷின் எவ்வளவு குளிரவைக்கும் என்பதற்கான அளவு. கல்யாணமான புதிதில் எங்களுக்கு ஒரே அறை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இந்த ரூமுக்கு முக்கால் டன் போதும்” என்றார். அன்றிலிருந்து நான் முக்கால் டன். எனக்குக் கோபம் வந்தால், “இன்னிக்கு ஒன்றரை டன் ஓடுதுடோய்” என்று தலையணையை எடுத்துக்கொண்டு ஓடுவார். வேலை முடிந்து கூட்டாளிகள் பிடித்து உட்காரவைத்தால் அவர் சொல்லித் தப்பிக்கும் வசனம் ஒன்று உண்டு. “வீட்டுல முக்கால் டன் இருக்கா, நான் போகணும்.” அவர்கள் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள்.

ஒருநாள் குளிர்கிடங்கில் மெஷின் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு போனார். அதே வாரம் கிடங்கில் போலீஸ் புகுந்தது. அதற்குள் கும்பல் பறந்துவிட்டது, அவரையும் காணோம். அதற்கு முன்னாலேயே ஒரு நாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ வீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஏசியைக்கூடச் சுவரிலிருந்து பெயர்த்திருந்தார்கள். ஒரு கரண்டிகூடத் திருட்டுப்போகவில்லை. கிடங்கிலேயே கதை முடிந்திருக்கும், இனிமேல் எதிர்பார்க்காதீர்கள் என்று போலீஸ் சொன்னது. எதிர்பார்க்காமல் இருப்பது எப்படி என்று அவர்கள் சொல்லித்தரவில்லை. வருஷங்கள் போயும் எனக்கு அது கைவரவில்லை. மாடிப்படியில் யாராவது பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைவதற்குள் நாத்தனார் வந்துவிட்டாள். அவருடைய தங்கை, பக்கத்துத் தெருவில் இருக்கிறாள்.

“அண்ணி, பாத்தீங்களா? அண்ணன் பேசினதை அப்படியே பேசுறான் அந்த ஆளு!”

“கேட்டேன்.”

“தெருவே என்ன பேசுது தெரியுமா? அண்ணன் கும்பல்கிட்டேர்ந்து முக்கால் டன் சரக்கைச் சுட்டுட்டானாம். நாம எங்கேயோ பதுக்கி வச்சிருக்கோமாம்!”

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அந்தப் பகுதியை முழுசாகப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. தொடரின் மெக்கானிக் ஒரு திருடன். பெரியவரின் சரக்கில் முக்கால் டன்னைக் களவாடி வீட்டில் ஒளித்துவைத்தவன். உலகமே அது எங்கே இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், இதுநாள்வரை என்னை ஏறெடுத்தும் பார்க்காதவர், “உங்க பரண்ல எலித் தொல்லை இருக்கா, நான் வேணா ஏறிப் பாக்கட்டுமா?” என்று கேட்டார். எலிமேல் அவருக்கு என்ன திடீர்ப் பாசமோ.

என்னை அரித்தது வேறு. முக்கால் டன் என்ற பேர் நாலு சுவருக்குள்ளும் நாலைந்து கூட்டாளிகளுக்குள்ளும் புழங்கியது. எழுதினவருக்கு அது எப்படிக் கிடைத்தது? என் வீட்டுக்காரர் வாயிலிருந்து யாரோ கேட்டிருக்க வேண்டும். அப்படியென்றால் எப்போது, எங்கே? அவர் இருக்கிறாரா? இந்த ஒரு கேள்வி வந்து உட்கார்ந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொடர் எடுத்த கம்பெனிக்குப் போன் போட்டேன். ரசிகை என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வைத்தார்கள். மறுபடியும் போட்டேன். மறுபடியும் நன்றி. மூன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. “அந்த முக்கால் டன் எங்க வீட்டுலதான் இருக்கு” என்றேன். மறுமுனை ஆடிப்போய், மறுநாளே வரச்சொன்னது.

எழுதியவர் ஒரு பெண். என் வயசுதான் இருக்கும். அவருடைய அறைச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி. உள்ளே நுழைந்ததும் என் கையில் மூட்டை ஏதாவது இருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

“உக்காருங்க. முக்கால் டன் எங்கே இருக்குன்னு சொன்னீங்க?”

“உங்க எதிர்ல உக்காந்திருக்கு மேடம்.”

விளக்கிச் சொன்னேன். ஏசி, டன், ஒரே அறை எல்லாவற்றையும். அவர் முதலில் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

“சத்தியமா எனக்குத் தெரியாது. கிடங்குல காவலுக்கு இருந்த ஒருத்தர்கிட்ட ஜெயில்ல பேட்டி எடுத்தேன். அவர் சொன்னதைத்தான் எழுதினேன். டன்னுன்னா சரக்குன்னு நினைச்சுட்டேன்.”

“அந்தப் பேட்டியை நான் கேக்கணும்.”

அவர் தயங்கினார். பிறகு போனை எடுத்து மேசையில் வைத்தார். கரகரத்த ஒரு குரல், நடுவில் இருமியபடி, பேச ஆரம்பித்தது.

“அந்த மெக்கானிக் நல்ல மனுஷன்க. வேலை முடிஞ்சதும் கிளம்பினான். பாக்கக்கூடாத பெட்டியைப் பாத்துட்டான்னு பிடிச்சு வச்சுட்டாங்க. ‘வீட்டுல முக்கால் டன் இருக்கா, நான் போகணும்’னு சொல்லிக்கிட்டே இருந்தான். இருக்கான்னு நம்மகிட்டயே கேக்குறானேன்னு ஒருத்தன் சிரிச்சான். பெரியவர் காதுக்குப் போறப்ப அது ‘இருக்கு’ன்னு ஆயிடுச்சு. ஏற்கெனவே சரக்கு குறையுதுன்னு அவருக்குச் சந்தேகம். நாங்களே அவன் வீட்டுக்குப் போய்த் தேடினோம், அந்தம்மா இல்லாத நேரமாப் பாத்து. ஒண்ணுமில்லை. எங்கடான்னு கேட்டா கொஞ்ச நேரம் எங்களையே பாத்தான். அப்புறம் சிரிச்சான். ‘இடம் எனக்கு மட்டும்தான் தெரியும், உங்களால தூக்க முடியாது’ன்னான். அதோட அவனைத் தொடலை. தொட்டா இடம் தெரியாம போயிடுமே. ஓடினப்பவும் கூடவே கூட்டிட்டுப் போனோம். நாலு மாசம் எங்ககூடத்தான் இருந்தான். அப்புறம் பாலத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு வண்டியாப் பிரிஞ்சோம். அவன் அடுத்த வண்டி. நான் மாட்டிக்கிட்டேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

நான் அழுதேன். அடக்கி எல்லாம் அழவில்லை, மேசையில் தலையை வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி அழுதேன். ‘இருக்கா’ என்றுதான் சொல்லியிருக்கிறார். வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள், போகவேண்டும் என்று. அந்த மடையர்களுக்கு அது புரியவில்லை என்று தெரிந்த நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. என்னைச் சரக்காகவே விட்டுவிட்டார். அவர்கள் என்னைத் தேடி வரவும் கூடாது, அவரைக் கொல்லவும் கூடாது. கிடங்கில் செத்துவிட்டார் என்று ஊர் முடிவுகட்டிய பிறகும் நாலு மாசம் அவர் எங்கேயோ உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நாலு மாசமும் நான் பக்கத்தில் இல்லையே. என் பேரைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று அந்தக் காவல்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் யார்மேலும் எனக்கு இவ்வளவு பொறாமை வந்ததில்லை.

எழுத்தாளர் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மாத்திடறேங்க. அது சரக்கு இல்லை, அவரோட மனைவின்னு அடுத்த சீசன்ல சொல்லிடறேன். அவர் திருடன் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியட்டும்.”

பக்கத்து வீட்டுக்காரரின் எலிப் பாசம் ஞாபகம் வந்தது. நாத்தனாரின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வதும் ஞாபகம் வந்தது. ‘சரி’ என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

“மாத்தாதீங்க மேடம்.”

“ஏன்?”

“அந்த இன்னொரு வண்டியில போனவங்க எல்லாரும் இன்னும் மாட்டலை. அவங்களும் டிவி பாப்பாங்க. தேடிக்கிட்டே இருக்கட்டும். தேடற வரைக்கும் அவரைத் தொட மாட்டாங்க.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்துக்கு அப்புறமுமா என்று கேட்க நினைத்திருப்பார். கேட்கவில்லை, நல்ல மனுஷி. எழுந்து சுவரிலிருந்து ஓர் அட்டையைப் பிய்த்து என் முன்னால் வைத்தார். ‘மெக்கானிக் சாவு’ என்று எழுதியிருந்தது.

“அடுத்த சீசன் முதல் எபிசோட்லயே அவரைக் கொன்னுடறதா இருந்தது” என்று சொல்லி அதை நாலாகக் கிழித்தார். “கொல்லலை. சரக்கு சரக்காவே இருக்கட்டும். ஆனா கடைசியில அவரை வீட்டுக்குக் கொண்டுவந்துடறேன். தப்பிச்சு வருவாரு. தலை நரைச்சிருக்கும். படியேறி வந்து, பையைக் கீழே வச்சுட்டுக் கதவைத் தட்டுவாரு. நீங்க திறப்பீங்க...”

அவர் சொல்லச்சொல்ல நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கதவு, நரைத்த தலை, மெலிந்துபோன தோள். இன்னும் கொஞ்சம் சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன். அந்த நடிகரின் முகமே அதற்குள் என் வீட்டுக்காரரின் முகமாக மாற ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்து எழுத்தாளரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அதை மட்டும் எடுக்காதீங்க மேடம்.”

“உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன்.”

“சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா அவர் வர்றதை ஊர் பாக்குறதுக்கு முன்னாடி நான் பாக்கணும்.”