தோற்றவர் கையெழுத்து

1954 ஜூலை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எட்டு வருஷம் அன்னவாசலில் எந்த வேலியும் நிற்கவில்லை. எவ்வளவு ஆழமாக ஊன்றினாலும் பொழுது சாய்வதற்குள் படுத்துவிடும். காரணம் எல்லோருக்கும் தெரியும். கடைத்தெரு வாசகசாலையில் வாராவாரம் உலக விவகாரம் பேசி ஓட்டெடுப்பார்கள். தோற்ற கட்சி கையெழுத்திட்டால்தான் தீர்மானம் செல்லும் என்பது அங்கே விதி. அந்த ஞாயிறு, தையற்கடை கிபாயத்துல்லா இந்தியா, சீனா போன்ற நட்பு நாடுகளுக்கு நடுவே வேலி வேண்டாம் என்று பேசினார். அவர் பேசினால் கல்லும் கரையும். அவருடைய பக்கத்து வீட்டு அடைக்கலம் தேசப்படத்தை விரித்து, மலையையும் கணவாயையும் தொட்டுக் காட்டி, நம்பிக்கை இருக்கட்டும், காவலும் இருக்கட்டும் என்று நிதானமாகச் சொன்னார். நியாயம் அடைக்கலம் பக்கம், கைதட்டல் கிபாயத்துல்லா பக்கம். ஏழு ஓட்டில் தோற்ற அடைக்கலம் கையெழுத்துப் போட்டார். தபாலில் போன தீர்மானத்தை டெல்லியில் யாராவது பிரித்தார்களா, தெரியாது. அன்னவாசலில் மறுநாளே அமலுக்கு வந்துவிட்டது.

ஆடுகள் கடலைக்கொல்லைகளை மேய்ந்தன. இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. பிறகு ஊர் பழகிக்கொண்டது. அடைக்கலத்தின் மகன் இன்னாசி இரண்டு வீட்டு அடுப்படியிலும் சாப்பிட்டு வளர்ந்தான். அவன் பட்டாளத்துக்குப் புறப்பட்டபோது கிபாயத்துல்லா சட்டை தைத்துக் கொடுத்து, கூலி எவ்வளவு என்று கேட்டவனைத் திட்டி அனுப்பினார்.

1962ல் வடக்கு எல்லையில் சண்டை மூண்டது. இன்னாசி அங்கேதான் இருந்தான். நவம்பர் பதினொன்றாம் தேதி பழைய தீர்மானத்தை ரத்து செய்ய வாசகசாலையில் எல்லாக் கைகளும் உயர்ந்தன, ஒன்றைத் தவிர. தோற்றவர் கிபாயத்துல்லா ஒருவர்தான். அவர் பேனாவைத் தொடவில்லை.

"இங்க வேலி நின்னா அங்கயும் நிக்கும் பாய். எம்புள்ளைக்காகப் போடுங்க" என்றார் அடைக்கலம். தேசப்படம் இல்லாமல் அவர் பேசியது அன்றுதான்.

"நம்புனது தப்புன்னு எழுதச் சொல்றியே அடைக்கலம். அப்புறம் யாரு யாரை நம்புவாங்க?"

கொள்கை என்றார் அவர், பிடிவாதம் என்றது ஊர். ஒன்பது நாள் சோறு இறங்காமல் கிடந்து, இருபதாம் தேதி கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் கிளுவையும் கள்ளியும் தாமாகவே கிளம்பி ஊரெங்கும் நின்றன. இரண்டு வீட்டுக்கும் நடுவே எழுந்த வேலி கூரையைத் தாண்டியது. மூன்றாம் நாள் தந்தி வந்தது. இன்னாசி இறந்தது பதினெட்டாம் தேதி.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அடைக்கலம் வீட்டுப் படல் திறந்தது. கிபாயத்துல்லா போனபோது படல் இருந்த இடத்தில் முள் இருந்தது. தெருப் பக்கம், கொல்லைப் பக்கம், எங்கே சுற்றினாலும் முள். பாவம், இரண்டு கையாலும் விலக்கப் பார்த்தார்.

"கை வைக்காதீங்க பாய்" என்றது உள்ளேயிருந்து அடைக்கலத்தின் குரல். "குத்திப்புடும்."

அன்று முதல் கிபாயத்துல்லா தினமும் கடையடைத்துவிட்டு அந்த வேலியருகே வந்து நிற்பார். இன்னாசியின் தாய் செவந்தி முள் இடுக்கில் செம்புத் தண்ணீர் நீட்டுவாள். அவர் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். 1967ல் நிலம் அளக்க வந்தவர்கள் சங்கிலியைப் பிடிக்கும்போது அவரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். வேலி இரு வீட்டுக்கும் பொது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.